கத்தியால் தீட்டும் உருவம்

அன்பு மகளுக்கு,

தூரிகையை ஒதுக்கிவைத்துவிட்டு, வண்ணம் குழைக்கும் பேலட் கத்தியால் மனித உருவங்களை விரைந்து தீட்டத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் பெரிதும் மகிழ்ந்தேன். நீ அனுப்பிய படங்களில் வண்ணம் துணிவாக விழுந்திருக்கிறது. ஆனால் உருவங்கள் தரையில் ஊன்றி நிற்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

பத்து நிமிடத்தில் ஓர் உருவத்தை முடிக்க வேண்டுமானால், முதல் நிமிடத்தில் கத்தி வண்ணத்தைத் தொடவே கூடாது. உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பார். ஒரு காலில் ஊன்றி நிற்பவரின் தொண்டைக்குழியிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இறக்கினால் அது ஊன்றிய பாதத்தின் அருகில் வந்து விழும். அந்தப் பக்கத்து இடுப்பு உயர்ந்திருக்கும், தோள் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். அந்த இரண்டு சரிவுகளையும் கத்தி விளிம்பால் இரு கீற்றுகளாகப் பதித்துவிட்டால், அதன்மேல் எவ்வளவு வேகமாக வண்ணம் ஏற்றினாலும் உருவம் சாயாது. நீயோ முகத்திலிருந்து தொடங்குகிறாய். முழு உயரத்தில் தலை ஏறத்தாழ ஏழரையில் ஒரு பங்குதான். பாதி நேரத்தை அதற்கே கொடுத்துவிட்டால் கால்களுக்கு என்ன மிஞ்சும்?

மாடல் வந்து நிற்பதற்கு முன்பே வண்ணங்களைக் குழைத்துவிடு. வெளிச்சத்துக்கு ஒன்று, இடைநிறத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என மூன்று குவியல்கள் போதும். கண்களைச் சுருக்கிப் பார்த்தால் உடலின் நுணுக்கங்கள் மறைந்து ஒளியும் நிழலும் இரண்டு பெரிய பரப்புகளாகப் பிரியும். நீ தீட்ட வேண்டியவை அந்தப் பரப்புகளே. முதுகின் ஒளிபட்ட பக்கம் முழுவதையும் ஒரே இழுப்பில் வை. ரொட்டியில் வெண்ணெய் தடவுவதைப் போல முன்னும் பின்னும் தேய்த்தால் கீழிருக்கும் நிறம் கலந்து எல்லாம் சாம்பலாகிவிடும். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் கத்தியைத் துணியால் துடைத்துவிடு. இது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றினாலும், அடுத்த நிறம் தூய்மையாக விழ வேறு வழியில்லை. கை, கணுக்கால் போன்ற ஒடுங்கிய இடங்களைக் கத்தியால் வரைய முயலாதே. அவற்றைச் சுற்றியுள்ள பின்னணி வண்ணத்தை உள்நோக்கி வெட்டிக்கொண்டு வந்தால் அவை தாமாகவே மெலிந்து நிற்கும்.

பிரெஞ்சு ஓவியர் செசான் 1866இல் தம் தாய்மாமன் தொமினிக் ஒபேரை இப்படித்தான் கத்தியால் தடித்த வண்ணத்தில் மீண்டும் மீண்டும் தீட்டினார். பிற்பகல்தோறும் மாமாவின் படம் ஒன்று உருவானதாக அப்போது உடனிருந்த நண்பர் ஒருவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் உனக்கு இன்னும் நெருக்கமானவர் ஓவியர் நிக்கோலா த ஸ்தாயல் என்று நினைக்கிறேன். 1952 மார்ச் 26 இரவில் பாரிஸின் பார்க் தே பிரின்ஸ் அரங்கில், மின்விளக்குகளின் ஒளியில் பிரான்சும் ஸ்வீடனும் ஆடிய கால்பந்தாட்டத்தைப் பார்த்த அவர், உடனே ஆட்டக்காரர்களைச் சிறு சிறு படங்களாகத் தீட்டித் தள்ளினார்; பிறகு அதே ஆட்டத்தை 2 மீட்டர் உயரமும் 3.5 மீட்டர் அகலமும் கொண்ட பெரும் படமாக்கினார். அந்த ஆட்டக்காரர்களுக்குக் கண்ணும் மூக்கும் கிடையாது. தடித்த வண்ணத் துண்டுகளே உள்ளன. ஆயினும் யார் ஓடுகிறார், யார் பாய்கிறார் என்பதில் ஐயமே எழாது. சாய்வு சரியாக இருப்பதுதான் காரணம்.

இழுத்துக்கட்டிய கான்வாஸ் கத்தியின் அழுத்தத்தில் உள்வாங்கித் துள்ளுவதால், பயிற்சிக்குப் பூச்சிட்ட மரப்பலகையே ஏற்றது. எண்ணெய் வண்ணத்தைத் தடிமனாக வைத்தால் மேலே தோல் கட்டினாலும் உள்ளே உலரப் பல மாதங்கள் ஆகும் என்பதால், படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்காதே. சரியாக வராத உருவத்தை அன்றே சுரண்டிவிடு. சுரண்டிய பலகையில் மெல்லிய கறையாக ஓர் உருவம் தங்கும்; நுணுக்கமெல்லாம் போய் எடையும் சாய்வும் மட்டும் அதில் எஞ்சியிருப்பதால், அதன்மேல் மறுபடி தீட்டுவது வெற்றுப் பலகையில் தொடங்குவதைவிட எனக்கு எப்போதும் பிடித்தமானது.

அடுத்த முறை முடித்த படங்களோடு, சுரண்டிய பலகைகளையும் புகைப்படம் எடுத்து அனுப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

அன்புடன்,
அப்பா