கள்ளி அழுகினது தண்ணீராலா, தொட்டியாலா?

அன்புள்ள முத்து,

மூன்று கடிதம் போட்டுவிட்டாய், ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. காரணம் சொன்னால் சாக்கு என்பாய், சொல்லாவிட்டால் திமிர் என்பாய். திட்டை எல்லாம் சேர்த்து வை, நேரில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். தாடிக்காரன் அப்படியேதான் இருக்கிறான். எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்".

இப்போதும் எழுதியிருக்க மாட்டேன், நீ அனுப்பிய படம்தான் எழுத வைத்தது. உன் தங்கப் பீப்பாய்க் கள்ளி அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தேன் நிறமாகி நிற்கிறது. "தண்ணீர் அதிகமாகிவிட்டதோ?" என்று கேட்டுவிட்டுப் பதிலையும் நீயே எழுதியிருக்கிறாய்: இனி மாதம் ஒருமுறை, ஒரு ஸ்பூன். அந்த ஸ்பூனை முதலில் அடுப்படியில் கொண்டுபோய் வை.

முதல் வேலை, பென்சிலின் பின்முனையால் அந்த இடத்தை அழுத்திப் பார். கட்டையாக, மரப்பட்டை மாதிரி இருந்தால் ஒன்றும் இல்லை, வயதான கள்ளிக்கு அடி அப்படித்தான் காய்ந்து இறுகும். உள்ளே போனால் அழுகல். படத்தில் ஈரம் மினுங்குகிறது, அதனால் அழுகல் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்றைக்கே வெட்ட வேண்டும். நாளைக்கு என்றால் இன்னும் ஒரு விரல் மேலே ஏறியிருக்கும்.

செய்தித்தாளை நாலாக மடித்து இடுப்பில் பட்டை போலச் சுற்றிப் பிடித்துத் தொட்டியிலிருந்து எடு. கையுறையை நம்பாதே, அந்த முள் தோல் கையுறையையும் துளைத்துவிடும். மெல்லிய நீளக் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாகச் சீவு. வெட்டிய முகத்தின் நடுவே சின்ன வளையம் ஒன்று தெரியும். தண்ணீர் ஏறும் குழாய்கள் அதில்தான் இருக்கின்றன. வளையத்தில் ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ ஒரே ஒரு புள்ளி இருந்தாலும் இன்னொரு வில்லை சீவு. ஒவ்வொரு சீவலுக்கு முன்பும் கத்தியைத் துடைக்க வேண்டும். இதை விட்டால் அழுகலை நீயே கையால் மேலே ஏற்றிக் கொடுக்கிறாய். முகம் முழுக்க வெளிர்பச்சையாக வந்த பிறகும், மனசைக் கல்லாக்கிக்கொண்டு கூடுதலாக ஒரு வில்லை எடு. பாதிப் பேர் கோட்டை விடுவது அந்தக் கடைசி வில்லையில்தான்.

அப்புறம் ஓரத்தைப் பென்சில் சீவுகிற மாதிரி சுற்றிலும் சரிவாகச் செதுக்கு. வெட்டுமுகம் காயும்போது நடுச்சதை சுருங்கி உள்ளே குழியும், தடித்த தோல் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். வேர் வருவதோ நடுவளையத்திலிருந்து. ஓரத்தைச் செதுக்காவிட்டால் வேர் மண்ணைத் தொடாமல் குழிக்குள்ளேயே தொங்கும். கந்தகத்தூளைத் தடவி, காலித் தொட்டியின் வாயில் நிமிர்த்தி உட்கார வை. நிழல் வேண்டும், காற்று வேண்டும். படுக்க வைத்தால் வெளிச்சத்தைத் தேடி வளைந்துவிடும். அந்தப் பருமனுக்கு மூன்று நாலு வாரம் காய வேண்டும். அதற்குப் பிறகு காய்ந்த சரளை மேல் வைத்துவிட்டு மறந்துவிடு. வேர் தலைகாட்டும் வரை தண்ணீர் பேச்சே கிடையாது. பீப்பாய் வகைகள் வேர் விடுவதில் சோம்பேறிகள். பிழைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வெட்டாமல் விட்டால் செத்துவிடும் என்று மட்டும் சத்தியம் செய்வேன்.

சரி, நான் சொல்ல வந்த விஷயமே வேறு. "புதுசாய்ப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன், அடியில் மூன்று அங்குலம் ஜல்லி போட்டேன், மேலே தென்னை நார்த்தூளும் மணலும்" என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அழுகல் தொடங்கியது அந்த வாக்கியத்தில். ஊற்றின தண்ணீர் எவ்வளவு என்பது ரெண்டாம் பட்சம். அது உள்ளே எத்தனை நாள் தங்கியது என்பதைப் பார். பாலைவனத்திலும் மழை கொட்டித்தான் தீர்க்கிறது, ஸ்பூனில் சொட்டுவதில்லை. கொட்டின மழை கல்லுக்கு இடையே இறங்கிப் போய்விடுகிறது, பின்னாலேயே காற்று நுழைகிறது. வேருக்கு அந்தக் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் தண்ணீரே நிற்கும்போது மெல்லிய வேர்கள் முதலில் மூச்சு முட்டிச் சாகின்றன. செத்த வேர் வழியாகத்தான் பூஞ்சாணம் உள்ளே வருகிறது.

ஜல்லி தண்ணீரை வடிக்கும் என்கிறாய். வடிக்காது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு ஒன்றை முழுக்க நனைத்துப் படுக்கை வசமாகப் பிடி. சொட்டுவது நிற்கும் வரை காத்திரு. நின்றதும் அதையே குத்தாக நிமிர்த்து. திரும்பவும் சொட்டும், பார்! ஸ்பாஞ்சு அதேதான், உயரம் மட்டும் கூடியிருக்கிறது. எந்தத் தொட்டியிலும் மண்ணின் அடிப்பகுதியில் சில சென்டிமீட்டருக்குத் தண்ணீர் வடியாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு உயரம் என்பதை மண்ணின் பொடித்தன்மை தீர்மானிக்கிறது. பொடி மண்ணுக்குக் கீழே ஜல்லி வந்தால், மேலே உள்ள மண் ஊறித் ததும்பும் வரை அதற்குள் தண்ணீர் இறங்காது. ஆக, நீ போட்ட மூன்று அங்குலம் அந்த ஈரப் பட்டையைத் தூக்கி வேருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது, அவ்வளவுதான். ஓட்டையை மறைக்க ஒரு வலைத்துண்டு போதும். மிச்சம் எல்லாம் ஒரே கலவையாக இருக்கட்டும்.

பெரிய தொட்டியும் அதே கதை. வேர் எட்டாத மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லை, அது வாரக்கணக்கில் ஈரமாகக் கிடக்கும். கள்ளியின் அகலத்துக்கு மேல் சுற்றிலும் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு. "வளரட்டும் என்று தாராளமாக வைத்தேன்" என்கிற தாராளம் உன் மைத்துனருக்குச் சட்டை எடுத்தபோது செய்தாயே, அதோடு நிற்கட்டும்.

கலவைக்கு வருகிறேன். இரண்டு பங்கு பியூமிஸ் அல்லது பெர்லைட் (இரண்டும் எடை குறைந்த, துளை நிறைந்த எரிமலைக்கல் வகை), ஒரு பங்கு கரடுமுரடான சரளை, ஒரு பங்கு நன்றாக மக்கிய இலை உரம். கல் எல்லாம் மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர். முக்கியமான சாமான் சல்லடை. இரண்டு மில்லிமீட்டர் கண்ணில் சலித்துக் கீழே விழும் தூளை இரக்கமில்லாமல் கொட்டிவிடு. மணல் சேர்த்தால் வடியும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். பொடி மணல் கல்லிடுக்கை அடைத்துச் சுவர் மாதிரி ஆக்கிவிடும். நார்த்தூளின் குணம் இன்னும் வேடிக்கை. மேலே காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் விரலை விட்டால் சில்லென்று இருக்கும். மேலே பார்த்து "காய்ந்துவிட்டது" என்று நீ ஊற்றுவாய். கலவை சரியா என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீரை மேலே சாய். குளம் கட்டாமல், ஊற்றி முடிப்பதற்குள் அடியில் ஒழுக வேண்டும்.

எப்போது ஊற்றுவது என்று கேலண்டரைப் பார்க்காதே. சமையலறைத் தராசை எடு. நன்றாகக் காய்ந்த நிலையில் தொட்டியோடு எடை போட்டு, அந்த எண்ணைத் தொட்டியின் மேலேயே பென்சிலால் எழுதிவிடு. முழுக்க நனைத்து, வடிந்ததும் மறுபடி நிறு. எடை அந்த முதல் எண்ணுக்கு இறங்கி வரட்டும். வந்த பிறகும் நாலைந்து நாள் பொறு. இரண்டு மாதத்தில் கையே தராசாகிவிடும், தூக்கினாலே தெரியும். ஊற்றும்போது ஓட்டை வழியாக ஓடும் வரை ஊற்று. ஸ்பூனில் ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், அடிவேர் காய்ந்து சாகும், கடைசியில் அதற்கும் பழி தண்ணீர் மேல்தான் விழும்.

இதில் ஆளை ஏமாற்றுகிற ஒன்று உண்டு. வேர் அழுகின செடியும் தாகத்தில் வாடின செடியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டும் சுருங்கும். சுருக்கத்தைப் பார்த்து ஊற்றி, ஒரு வாரத்தில் உப்பவில்லை என்றால் இன்னொரு தரம் ஊற்றாதே. வெளியே எடுத்து வேரைப் பார். உயிருள்ள வேர் இழுத்தால் தாங்கும். செத்தது உறை கழன்று நூலாகக் கையில் வரும்.

இரவும் வெப்பம் தணியாத நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். கள்ளிகள் பகலில் தோலிலுள்ள மூச்சுத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில் சமைக்கின்றன. இரவு குளிர்ந்தால்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடும். புழுங்குகிற இரவில், ரோஜாப்பூ மாதிரி சதை இலை அடுக்கிய எச்செவேரியா போன்றவை வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். தூங்குகிற செடிக்கு ஊற்றின தண்ணீர் யாருக்கும் சேராது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. சிவப்புத் தலை வைத்த குட்டிக் கள்ளி ஒட்டுக்கட்டினது. மேலே இருப்பதில் பச்சையம் கிடையாது, கீழே உள்ள முக்கோணத் தண்டுதான் சோறு போடுகிறது. சில வருடத்தில் கீழ்த்தண்டு தளர்ந்துவிடும். உன் கைராசியைக் குறை சொல்லாதே. முள்ளிடுக்கில் பஞ்சு மாதிரி இருப்பது மாவுப்பூச்சி. எழுபது சதவீத ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்துத் தொட்டு எடு, வாரம் ஒருமுறை, நாலு வாரம் விடாமல். வேரிலும் வெள்ளைப் பொடி தெரிந்தால் பழைய மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, புதுக் கலவையில் வை. கூழாங்கல் மாதிரி இருக்கும் அந்த லித்தாப்ஸ் செடி வேண்டாம், முத்து. பழைய இலைஜோடி காகிதமாகக் காய்ந்து முடியும் வரை அதற்குச் சொட்டுத் தண்ணீர் கூடாது. உனக்கு அந்தப் பொறுமை இல்லை. சீட்டு விளையாட்டிலேயே பார்த்தாயிற்று.

சின்னவள் ஒரு "கள்ளி"யை உடைத்தாள், பால் வந்தது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் விளையாட்டாக எடுக்காதே. கள்ளிக் குடும்பத்தில் ஒவ்வொரு முள்கொத்தும் பஞ்சுமெத்தை போன்ற சின்னப் புள்ளியிலிருந்து கிளம்பும். அந்தப் புள்ளி இல்லாமல் முள் ஜோடிஜோடியாக விளிம்பில் நின்றால் அது பெரும்பாலும் யூஃபோர்பியா, நம் திருகுகள்ளி, சதுரக்கள்ளி இனம். பால் வருவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே, மாமில்லேரியா என்கிற அசல் கள்ளி வகையில் சிலதுக்கும் பால் உண்டு. ஆனால் யூஃபோர்பியா பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போ. அவள் கைக்கு எட்டாத இடத்துக்கு அதை இன்றே மாற்று.

கடைசியாக, யாரோ உனக்குத் தருவதாகச் சொல்லும் அந்த "நூறு வயசு" அரியோகார்ப்பஸ் கள்ளி. தாடிக்காரன் வழியாக வந்த ஆள் என்று கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அது மிகமிக மெதுவாக வளர்கிற செடி. கைப்பிடி அகலம் வர எத்தனையோ வருடம் ஆகும். வேர் முறிந்து, உடம்பெல்லாம் வெயில் தழும்போடு, ஒரு பக்கம் கோணலாக இருந்தால் அது விதையிலிருந்து வளர்த்ததாக இருக்காது, மெக்சிகோவின் ஏதோ சுண்ணாம்புக் குன்றிலிருந்து தோண்டினதாக இருக்கும். அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடப்பில் இருக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அரியோகார்ப்பஸ் அதைவிடக் கண்டிப்பான முதல் பட்டியலில். 2015-ல் 1,478 கள்ளி இனங்களை மதிப்பிட்டபோது 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. உன் தங்கப் பீப்பாய்க்கும் இதே கதிதான். உலகம் முழுக்கத் தொட்டிகளில் லட்சக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது, சொந்தக் காட்டில் அருகிவிட்டது. மெக்சிகோவில் 1990-களில் கட்டின சிமப்பான் அணை அதன் இடத்தில் ஒரு பகுதியை மூழ்கடித்தது. அந்த அரியோகார்ப்பஸுக்கு அனுமதிக் காகிதம் கேள். காகிதம் இல்லை என்றால் "வேண்டாம்" என்று சொல். கூச்சமாக இருந்தால் நான் திட்டினேன் என்று சொல்லிக்கொள்.

அதற்குப் பதிலாக அஸ்ட்ரோஃபைட்டம் என்கிற கள்ளியின் விதை கொஞ்சம் அனுப்புகிறேன். சலித்த கலவையைக் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, விதையை மேலே தூவு. மூடாதே, வெளிச்சம் படட்டும். தொட்டியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, இருபத்தைந்து டிகிரி பக்கம், நேர்வெயில் படாத இடத்தில் வை. மற்ற கள்ளிகளுக்கு முன்பே இது முளைத்துவிடும். மூன்றாம் நாளே பச்சை மணி தெரிந்தாலும் தெரியும். தெரிந்ததும் பையைத் திறந்து திறந்து பார்ப்பாய் என்பது எனக்குத் தெரியும். பார்க்காதே.

வெட்டினதும் கடைசி வில்லையின் முகத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. வளையம் தெளிவாகத் தெரிய வேண்டும், போன தடவை மாதிரி உன் கட்டை விரல் நடுவில் வேண்டாம்.

உன்,
ராசு