பரேலில் என் கைக்கு வந்த தாள்

உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. சங்கரன்கோவில் பக்கம் என்று சொன்னீர்கள். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சேலை, மடியில் மாமியாருடைய ஃபைல். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மும்பை பரேலில் இருக்கும் டாடா புற்றுநோய் மருத்துவமனையின் கோல்டன் ஜூபிலி கட்டடத்தில், தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த வரிசை என்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டு நின்றேன். "அக்கா, இத வச்சுக்கோங்க, எங்களுக்கு மனப்பாடம் ஆயிட்டு" என்று நான்காய் மடித்த ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினீர்கள். அதை எழுதியது யாரென்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மும்பைக்கு வந்து எனக்கு 38 வருஷம் ஆகிறது. அண்டாப்ஹில்லில் வீடு, மாட்டுங்காவில் கோயிலும் காய்கறியும். சுற்றிலும் தமிழாகவே காலம் ஓடிவிட்டது. வெளிவேலை, வெளிப்பேச்சு எல்லாம் என் வீட்டுக்காரர்தான். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தவறி இந்த மாசியோடு இரண்டு வருஷம். தங்கைக்கு மார்பில் கட்டி என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து அவள் வந்து இறங்கியபோது, அவளுக்குத் துணை நான். எனக்குத் துணை யாருமில்லை என்றுதான் நினைத்தேன்.

தாளைப் பிரித்தேன். மேல்பாதி இந்தி, கீழ்ப்பாதி மராத்தி, எல்லாம் தமிழ் எழுத்தில். 'எவ்வளவு நேரம் ஆகும் – கித்னா டைம் லகேகா.' 'மெதுவாகச் சொல்லுங்கள் – தீரே போலியே.' 'வலி இங்கே – தர்த் இதர் ஹை.' 'ஆயாக்களை மாவ்ஷி என்று கூப்பிடவும். சித்தி என்று அர்த்தம். சந்தோஷப்படுவார்கள்.' அதற்கும் கீழே, 'வளது பக்கம் – தாயி தரஃப்.'

அந்த 'வளது'வில் என் கண் நின்றுவிட்டது.

அவருக்குக் கடைசிவரை லகரமும் ளகரமும் பிடிபடவில்லை. கல்யாணம் நிச்சயமானதும் எழுதிய முதல் கடிதத்திலேயே 'நளம், நளமறிய ஆவல்' என்று எழுதியவர். எத்தனை தடவை திருத்தியிருப்பேன்! அப்புறம்தான் எழுத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்ந்து ஓடும் அதே எழுத்து, வரிக்கு வரி ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. கடைசி வரி: 'சாப்பிடாமல் வரிசையில் நிற்க வேண்டாம். துணைக்கு வந்தவரும் சாப்பிடவும்.'

படுக்கையில் கிடந்த நாளிலும் என்னிடம் அவர் முதலில் கேட்டது, "நீ சாப்பிட்டியா?" என்றுதான். எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. அழுகை வந்ததைப் பார்த்துத் தங்கை, டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார் என்று பயந்துபோனாள்.

ஓய்வு பெற்ற பிறகு காலை ஏழு மணிக்கு, "தாதர் பூ மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று கிளம்புவார். திரும்பும்போது மணி ஒன்றாகிவிடும். பை நிறைய சாமந்தி இருக்கும், பாதி வாடியிருக்கும். விடியற்காலையில் வாங்கவேண்டிய பூவை மதியம் வாங்கி வருகிறாரே என்று சண்டை போடுவேன். சிரித்துக்கொண்டே சாமி படத்துக்கு வைப்பார். டாடா 1941-இல் திறந்த ஆஸ்பத்திரி, நாடு முழுவதிலுமிருந்து ஜனங்கள் வருகிற இடம் என்று எப்போதாவது பேச்சுவாக்கில் சொல்வார். தாதரில் நோயாளிகள் தங்குகிற காட்கே மகராஜ் தர்மசாலாவில் நம்ம ஊர்க்காரர்களைப் பார்த்தேன் என்றும் சொல்லியிருக்கிறார். நான் காதில் வாங்கினால்தானே.

வெளியே ஜெராக்ஸ் கடையில் தமிழ் ஆட்கள் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள் என்று நீங்கள் சொன்னதை வைத்துத் தேடிப் போனேன். அந்தக் கடைக்காரருக்கு அடுத்த நன்றி. அவர் உத்தரப் பிரதேசத்துக்காரர், தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன்தான் அவர் பேசியதை எனக்குச் சொன்னான். 'ரயில்வே அங்கிள்' மாதம் பிறந்தால் நூறு ரூபாய் கொடுத்து வைப்பாராம், இந்தத் தாளை யார் கேட்டாலும் காசு வாங்காதே என்று. ஒரு மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. காசு தீர்ந்த பிறகும் இந்த மனிதர் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் யாரென்று பையன் சொன்னதும் ஸ்டூலை விட்டு எழுந்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டார்.

லீவு போட்டு எங்களோடு அலைந்த அந்தப் பையனுக்கும், ஆபரேஷன் நடந்த வாரம் முழுக்க என்னைச் சமைக்க விடாத எங்கள் கட்டடத்துப் பெண்களுக்கும், தங்கையின் தலையை வருடியபடியே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப்போன மாவ்ஷிக்கும் நன்றி. அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டேன். தாளில் எழுதியிருந்தபடியே முகம் மலர்ந்துவிட்டது. தங்கை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், இன்னும் இரண்டு கீமோ பாக்கி.

கடைக்காரர் அசல் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார், நீல மையில். வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று நீட்டினார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நகலிலிருந்து நகல் எடுத்தால் எழுத்து மங்கிவிடும். பிழை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், கம்ப்யூட்டரில் புதிதாக அடித்துவிடலாம் என்றார். பிழை ஒன்றுமில்லை, அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.