ஐசர்மன்: ஆடியபோதும் அதற்குப் பிறகும்

வின்ட்சர், ஒன்டாரியோ

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட். நாங்கள் இருப்பது கனடா என்றாலும் இந்த ஊரில் பலர் டெட்ராய்ட்டின் ஐஸ் ஹாக்கி அணியான ரெட் விங்ஸ் கட்சிதான். ஐஸ் ஹாக்கி ஆடி முடித்தவர்கள் பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தாய். ஸ்டீவ் ஐசர்மனைப் பற்றி எழுதுகிறேன்.

1983 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், நாலாவது ஆளாக அவரை ரெட் விங்ஸ் எடுத்தது. 21 வயதிலேயே கேப்டன். 1988-89 சீசனில் 65 கோல், 90 அசிஸ்ட் (மற்றவர் கோல் போட உதவியது). லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. 1993ல் பயிற்சியாளராக வந்த ஸ்காட்டி போமன், எதிரணியைத் தடுக்கும் பொறுப்பையும் அவர் தலையில் கட்டினார். கோல் குறைந்தது; 1997, 1998, 2002 என்று மூன்று ஸ்டான்லி கோப்பைகள் வந்தன.

2006ல் ஓய்வு. உடனே பெரிய நாற்காலியில் உட்காராமல், ரெட் விங்ஸ் துணைத் தலைவராக நாலு வருடம் வேலை பழகினார். அதுதான் சரியான வழி. நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு ஒப்பந்தக் கணக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது.

2010ல் டாம்பா பே லைட்னிங் அணியின் பொது மேலாளரானார். அந்த வேலையில் எல்லாமே சம்பள உச்சவரம்புதான், அதாவது ஒரு அணி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் எல்லை. ஒரு ஆட்டக்காரரின் மொத்த ஒப்பந்தத் தொகையை வருடங்களால் வகுத்து வரும் சராசரியே அணியின் கணக்கில் ஏறும். வயது ஏறி ஆட்டம் குறைந்தாலும் அந்த எண் குறையாது. அதனால் முதல் மூன்று வருடம் குறைந்த சம்பளத்தில் ஆடும் இளைஞர்கள்தான் பொக்கிஷம். டிராஃப்டில் குசெரோவை 58வது ஆளாக, பாயின்டை 79வது ஆளாக, பலாட்டை 208வது ஆளாகப் பிடித்தார்.

2013ல் உச்சவரம்பு 64.3 மில்லியன் டாலராக இறங்கியபோது, தன் அணியின் கேப்டன் லெகாவலியேவையே பணம் கொடுத்து விடுவித்தார். முந்தைய நிர்வாகம் போட்ட 11 வருட ஒப்பந்தத்தில் 7 வருடம் பாக்கி. விதிப்படி, மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை இரட்டிப்பு காலத்தில், அதாவது 14 வருடம் கொடுக்க வேண்டும். 2013, 2014 கோடைகளில் மட்டும் கிடைத்த சலுகையால் அது உச்சவரம்பில் சேரவில்லை. ஒரே அணிக்கு 19 சீசன் கேப்டனாக இருந்தவர் இன்னொரு கேப்டனை அனுப்புவது லேசான காரியமா? ஆனால் அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் அணி தேறாது. ஐசர்மன் விலகிய பிறகு, 2020லும் 2021லும், டாம்பா கோப்பை வென்றது.

2019ல் டெட்ராய்ட்டுக்கே பொது மேலாளராகத் திரும்பினார். அடுத்த சீசனில் அணி கடைசி இடம். கடைசி அணிக்கே டிராஃப்டில் முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் அது குலுக்கலில் போய்விட்டது, நாலாவது இடம்தான். அதில் எடுத்த லூகாஸ் ரேமண்டுக்கு 2024ல் 8 வருட ஒப்பந்தம் போட்டிருக்கிறார். 2025 வரை அணி பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளை, எட்டவில்லை. பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அப்பா அம்மாவுக்கு என் வணக்கம் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்