அன்னிகாவும் அந்த நான்கு ஸ்ட்ரோக்குகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்வீடனின் கோல்ஃப் வீராங்கனை அன்னிகா சோரன்ஸ்டாம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் பாதி இடம், 2003 மே மாதம் டெக்சாஸின் கலோனியல் மைதானத்தில் அவர் ஆண்களோடு ஆடித் தோற்றதற்கே போய்விட்டது. அந்த இரண்டு நாள் கணக்கைப் பார்த்திருந்தால் 'தோற்றார்' என்ற சொல் அவ்வளவு சுலபமாக விழுந்திருக்காது.

கலோனியலின் பார், அதாவது 18 குழிகளை முடிக்க வகுத்த அடிகளின் எண்ணிக்கை, 70. முதல் நாள் 71, மறுநாள் 74, ஆக 145. கட், அதாவது மீதி நாட்களும் ஆடத் தகுதி தரும் எல்லை, 141. நான்கு ஸ்ட்ரோக்குகளில் (அடிகளில்) வாய்ப்பு போனது உண்மைதான். ஆனால் முதல் நாள் 14 ஃபேர்வேக்களில் (குழியை நோக்கிப் புல்லைக் கட்டையாக வெட்டிய பாதைகளில்) 13-இல் பந்தை நிறுத்தினார். 18 கிரீன்களில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைகளில்) 14-ஐ உரிய ஷாட்டுகளுக்குள் எட்டினார். அப்படி ஆடியும் கிடைத்தது ஒரே ஒரு பர்டி (ஒரு குழியை அதன் பாரைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது). தூரம் போதவில்லை என்கிறது கட்டுரை. அது பாதிக் காரணம். டிரைவ் எனும் முதல் அடியின் தூரம் குறைந்தால் இரண்டாவது ஷாட்டுக்கு நீளமான அயர்ன் (இரும்புத் தலை கொண்ட கிளப்) எடுக்க வேண்டும். அந்தப் பந்து தாழ்வாக வந்து கிரீனில் உருண்டு, குழிக்குத் தள்ளிப் போய் நிற்கும். அங்கிருந்து ஒரே பட்டில் (கிரீனில் பந்தை உருட்டும் அடியில்) முடிப்பது அரிது. அன்று அவர் போட்ட பட்டுகள் 33. ஸ்விங் அவரைக் கைவிடவில்லை. அடுத்த வாரமே பெண்கள் டூரில் வென்றார். ஆகஸ்டில் ராயல் லிதமில் சே ரி பாக்கை ஒரே ஸ்ட்ரோக்கில் முந்தி பெண்கள் பிரிட்டிஷ் ஓபனை வென்று, மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது வெல்லும் கேரியர் கிராண்ட்ஸ்லாமை நிறைவு செய்தார். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

பந்தைப் பார்க்காமலே அடிப்பது அவருடைய விநோதப் பழக்கம் என்று எழுதியிருப்பதுதான் அதிகம் உறுத்துகிறது. புதிதாக ஆடவருபவர்கள் அதைப் படித்தால் தவறாகவே புரிந்துகொள்வார்கள். கிளப் பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே அவருடைய தலை இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கும். திரும்பும், எழாது. இந்த வேறுபாடுதான் முக்கியம். தலையைக் குனிந்தே வைத்திரு என்ற அறிவுரையைப் பிடித்துக்கொண்டு கழுத்தை இறுக்குபவருக்கு, மார்பு பாதியில் நின்றுவிடும். உடல் நின்றதும் கைகள் மட்டும் முந்தி ஓடும். வலக்கையாளர் அடித்த பந்து இடப்பக்கம் வளைந்து போகும், அல்லது கிளப் பந்துக்கு முன்னாலேயே மண்ணைக் கொத்தும். தலையை உடலோடு திரும்ப விட்டால் சுழற்சி தடைபடாது. எடையும் இடக்காலுக்கு முழுதாக மாறிவிடும். இதைப் பழக விரும்புகிறவர் 7-ஆம் எண் அயர்னில் அரை ஸ்விங்கிலிருந்து தொடங்க வேண்டும். முதுகின் சாய்வு மாறாமல், கன்னம் மட்டும் இலக்கின் பக்கம் புரள வேண்டும். பந்தின் உச்சந்தலையில் பட்டுத் தரையோடு ஓடினால், தலை திரும்பாமல் எழுந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்று, ஸ்வீடன் அணியின் பயிற்சியாளராக இருந்த பியா நில்சன். பார் 72 மைதானத்தில் 18 குழிகளிலும் பர்டி போட்டால் 54 வரும், அது முடியாத காரியமில்லை என்று அன்னிகா உள்ளிட்ட தன் வீராங்கனைகளை நம்பவைத்தவர் அவர். அவர் கற்றுத்தந்த பழக்கம் இது: பந்துக்குப் பின்னால் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். காற்று, தூரம், எந்தக் கிளப் என்ற யோசனையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிட வேண்டும். தாண்டி வந்தபின் அடிப்பது மட்டுமே வேலை. சந்தேகம் வந்தால் பந்தருகே நின்றபடி யோசிக்கக் கூடாது. பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும்.

இந்தப் பழக்கத்தின் பலனை 2001 மார்ச் 16 அன்று ஃபீனிக்ஸின் மூன் வேலியில் பார்க்கலாம். பத்தாவது குழியில் தொடங்கி, முதல் 8 குழிகளிலும் பர்டி. முதல் 13-இல் 12. அன்று மொத்தம் 13 பர்டிகள், போகி (பாரைவிட ஓர் அடி அதிகம்) ஒன்றும் இல்லை. பார் 72 மைதானத்தில் 59. பெண்களின் தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏ டூரில் அந்த எண்ணை எட்டிய முதல் பெண் அவர். தங்கை சார்லோட்டாவும் அதே குழுவில் ஆடிக்கொண்டிருந்தார்.

ஒரு பிழை அவருக்குச் சாதகமாகவும் நேர்ந்திருக்கிறது. எல்பிஜிஏவில் அதிக வெற்றிகள் அவருடையவை என்கிறது கட்டுரை; அது சரியல்ல. கேத்தி விட்வொர்த் 88, மிக்கி ரைட் 82. அன்னிகா 72 வெற்றிகளோடு மூன்றாமிடம். அவற்றில் மேஜர் 10. ஓய்வு பெற்ற 2008-இல்கூட மூன்று போட்டிகளை வென்றார். இந்த எண்களையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்