மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "கால் மரத்துப்போகிறது, வைட்டமின் மாத்திரை சாப்பிடலாமா?" என்று கேட்ட வாசகருக்கு, சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், "சுகர் இருந்தால் கால் மரக்கத்தான் செய்யும், வைட்டமின் எல்லாம் வீண் செலவு" என்று ஒன்றரை வரியில் பதில் வந்திருக்கிறது. பதில் சொன்னவர் பெரிய டாக்டர். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இருந்தாலும் கால் என்னுடையது.

வருடக்கணக்காகச் சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன், சுத்த சைவம். கடைத்தெருவில் ஒரு கால் செருப்பு கழன்றதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தவளைப் பூக்காரம்மாதான் கூப்பிட்டுச் சொன்னார். உள்ளூர் டாக்டரும் இதே வசனத்தைத்தான் சொன்னார். வெளியூர் டாக்டர் ஒருவர்தான் வைட்டமின் பி12 டெஸ்ட் எழுதினார். ரிசல்ட் பாதாளத்தில் இருந்தது. அந்தச் சிவப்பு ஊசி போட்டபிறகு எரிச்சல் அடங்கியது, மரப்பு முழுக்கப் போகவில்லை. "லேட்டாக வந்திருக்கிறீர்கள்" என்றார். லேட்டாக்கியது யார்?

மெட்ஃபார்மினை நாள்பட்டுச் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்தச் சத்தோ இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான். நான் குடிக்கிற காபிப் பால் எந்த மூலைக்கு? பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-லேயே மெட்ஃபார்மினால் பி12 குறைவதைப் பற்றி எச்சரித்துவிட்டது. வைட்டமின் டி-யைச் சொல்லியிருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன். அமெரிக்காவில் 2,400-க்கும் மேற்பட்டோருக்குத் தினம் 4000 யூனிட்டோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்ததில், சர்க்கரை நோய் வருவது குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2019-ல் முடிவு வந்தது. அதையும் இதையும் ஒன்றாகக் கட்டி "வீண்" என்றால் எப்படி?

அதே பக்கத்தின் அடியில் "மூன்றே மாதத்தில் சர்க்கரைக்கு விடை" என்று ஒரு சூரண விளம்பரம். அது வீண் செலவில்லை போலும்! தீபாவளி மலரில் நாட்டுச் சர்க்கரை அதிரசத்தை "நீரிழிவுக்காரர்களும் பயமின்றிச் சாப்பிடலாம்" என்று போட்டபோதும் எழுதினேன். தங்களைப் பாராட்டிய முதல் வரி மட்டும் அச்சாகியிருந்தது. சர்க்கரையால் கண் மங்கியவர்கள் தேடிப் படிக்கிற மருத்துவப் பக்கத்துக்குத்தான் பொடி எழுத்து. சினிமாப் பக்கத்துக்கு அந்தக் கஞ்சத்தனம் இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே இடத்தில் இரண்டு வரி: மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குக் கால் மரப்போ எரிச்சலோ இருந்தால், பி12 டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேட்கட்டும், மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். கொட்டை எழுத்தில் போட்டால் கூடுதல் புண்ணியம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மன்னார்குடி