ரே ஸ்காட் நினைவு மீன்தொட்டி வண்டிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

2022 மே 8ஆம் நாள் தமது 88ஆம் வயதில் மறைந்த, பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்போருக்கான சங்கத்தை நிறுவிய ரே ஸ்காட் அவர்களின் நினைவாக, அமெரிக்காவின் அலபாமா மாநில ஏரிகளில் பள்ளி மாணவர்களுக்காக நடைபெறும் பாஸ் மீன்பிடிப் போட்டிகளுக்குக் கட்டணமின்றி அனுப்பிவைக்க, காற்றூட்டும் கருவிகள் பொருத்திய மீன்தொட்டி வண்டி ஒன்றை வாங்க எங்கள் குழு தீர்மானித்துள்ளது. சிலை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் மீன் உயிரோடு தண்ணீருக்குத் திரும்ப வேண்டும் என்று பாடுபட்டவருக்குத் தொட்டியே பொருத்தம் என்பதில் பெரும்பாலோர் உறுதியாக இருந்தோம்.

அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் காப்பீட்டு முகவராக இருந்த ஸ்காட், 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில், ஆளுக்கு 100 டாலர் கட்டணத்தில் 106 பேரைத் திரட்டிப் போட்டி நடத்தினார். அதன் தொடர்ச்சியாக அவர் நிறுவிய பாஸ் தூண்டில்காரர் சங்கம், நீரை மாசுபடுத்திய 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள்மீது 1970களின் தொடக்கத்தில் வழக்குத் தொடுத்தது. படகில் உயிர்காப்பு அங்கியைக் கட்டாயமாக்கியதும் அவர் போட்டிகள்தாம். இவற்றினும் பெரிதாக நாங்கள் கருதுவது, 1972இல் 'பிடித்த மீனைக் கொல்லாதீர்கள்' என்று அவர் தொடங்கிய இயக்கம். அதுவரை கயிற்றில் கோத்துக் கரைக்கு வந்த மீன்கள், படகிலேயே காற்றூட்டிய தொட்டியில் உயிரோடு வந்து, எடை போட்டபின் ஏரிக்குத் திரும்பின.

மாணவர் போட்டிகளில் அந்த ஏற்பாடு பாதியில் நின்றுவிடுகிறது. படகுத் தொட்டியிலிருந்து எடுத்த ஐந்து மீன்களைப் பையில் போட்டுக்கொண்டு, கோடை வெயிலில் எடை மேடைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். பையில் இருக்கும் கொஞ்சம் நீர் சூடேற, அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து செவுளை வேகமாக அடித்துக்கொள்கின்றன. அப்போது நீந்திப் போகும் மீன்களிலும் சில பின்னர் இறந்துவிடக்கூடும் என்பதால், விடும்போது கைதட்டுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. வரிசை நெடுகிலும் குளிர்ந்த, காற்றூட்டிய நீர் கிடைக்கவும், படகுத்துறையிலேயே எல்லா மீன்களையும் கொட்டாமல் ஏரியின் வேறு பகுதிகளுக்குக் கொண்டுபோய் விடவும் இவ்வண்டி பயன்படும்.

முதல் போட்டியின் நுழைவுக் கட்டணமான 100 டாலரை, இயன்றவர்கள் நன்கொடையாக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். 5 டாலர் தரும் மாணவரின் பங்கும் அதே மதிப்போடு ஏற்கப்படும். நல்ல நிலையிலுள்ள பழைய இழுவண்டி, நீரேற்றி, மின்கலம் ஆகியவற்றையும் பெற்றுக்கொள்வோம். தொட்டியில் ஸ்காட் அவர்களின் பெயரைத் தவிர வேறு பெயர் பொறிக்கப்படமாட்டாது என்பதை, விளம்பரம் எதிர்பார்க்கும் கடைக்காரர்கள் பொறுத்தருள வேண்டும்.

காசோலைகளைக் குழுவின் பெயருக்கே எழுதிப் பொருளாளரிடம் கொடுத்து, கையெழுத்திட்ட ரசீது பெற்றுக்கொள்ளவும். வாங்கும் பொருள்களின் விலைப்புள்ளிகளையும் வரவு செலவுக் கணக்கையும் நன்கொடையாளர் எவரும் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இங்ஙனம்,
நினைவுத் தொட்டிக் குழுவினர்