கூட்டக் குறிப்பை யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண்ணியம் பற்றிப் பேச்சு எழுந்தாலே, 'பெண்ணுக்குப் பெண்தான் எதிரி' என்று யாராவது சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். 'பெண் என்றால் இப்படித்தான்' என்ற எண்ணத்தைப் பெண்களும் சேர்ந்தே தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பது உண்மைதான். அதை ஒப்புக்கொள்ளப் பெண்ணியவாதிகள் தயங்க வேண்டியதில்லை. ஆனால் எந்த இடத்தில், எதனால் என்று கேட்காதவரை அந்த வாக்கியம் வசவாகவே நின்றுவிடும்.

2000-இல் வெளியான ஓர் ஆய்வில், 11 மாதக் குழந்தை எவ்வளவு சரிவான பாதையில் தவழ்ந்து இறங்கும் என்று தாய்மார்களைக் கணிக்கச் சொன்னார்கள். மகனின் திறனைக் கூட்டியும் மகளின் திறனைக் குறைத்தும் சொன்னார்கள் தாய்மார்கள். சரிவில் விட்டுப் பார்த்தபோது இரு பாலுக்கும் வித்தியாசமே இல்லை. எந்தத் தாயும் மகளைத் தாழ்த்த நினைத்திருக்க மாட்டாள். 'விழுந்துவிடுவாளோ' என்ற பயம் அன்பிலிருந்துதான் வருகிறது. அதனாலேயே அதைக் கண்டுகொள்வது கடினம்.

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் இதே கதைதான். 2012-இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பம் தரப்பட்டது. சிலருக்கு ஜான் என்ற பெயரில், மற்றவர்களுக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் ஆண்டுச் சம்பளம் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் ஆண்களைப் போலவே பாகுபாடு காட்டினார்கள். ஆகவே தேர்வுக் குழுவில் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டால் போதும் என்பது ஏமாற்று. எந்தத் தகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்பதை விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும், பெயரை மறைத்து மதிப்பெண் போட வேண்டும். படித்த பிறகு அளவுகோலை முடிவு செய்தால், பிடித்த ஆளிடம் எது இருக்கிறதோ அதுவே முக்கியத் தகுதியாகிவிடும். படிப்பு இருந்தால் படிப்பு, அனுபவம் இருந்தால் அனுபவம்.

இவற்றைவிட அன்றாடம் நடப்பது, கணக்கில் வராத வேலைகளை ஏற்றுக்கொள்வது. கூட்டக் குறிப்பு எழுதுவது, பிரிவுபசார விழாவுக்கு ஏற்பாடு செய்வது, புதிதாகச் சேர்ந்தவருக்கு இடம் காட்டுவது. யாராவது செய்தாக வேண்டும், செய்தால் பதவி உயர்வு கிடைக்காது. இதை அப்படியே சோதித்த ஆய்வொன்று 2017-இல் வந்தது. மூவர் கொண்ட குழு, 2 நிமிட அவகாசம். ஒருவர் முன்வந்தால் எல்லோருக்கும் லாபம், முன்வந்தவருக்கு மட்டும் மற்ற இருவரைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களிலும் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களிலும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது பெண் யாரும் இல்லை என்று தெரிந்தால் ஆண்கள் தாமாகவே எழுந்து செய்கிறார்கள். யாரிடம் கேட்பது என்று ஒருவர் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தபோது, ஆணும் சரி பெண்ணும் சரி, பெண்களிடமே அதிகம் கேட்டார்கள். கேட்கப்பட்ட பெண்களில் 76 சதவீதம் பேர் சம்மதித்தார்கள், ஆண்களில் 51.

'மறுத்துவிட வேண்டியதுதானே?' என்பார்கள். உதவி செய்யும் ஆணுக்கு நல்ல பெயர் கூடுகிறது, உதவ மறுக்கும் பெண்ணுக்கோ இருக்கிற பெயரும் குறைகிறது என்று 2005-லேயே காட்டியிருக்கிறார்கள். அந்த விலையைத் தனியொரு பெண்ணின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 'யாராவது செய்கிறீர்களா?' என்ற கேள்வியையே நிறுத்திவிட்டு, பெயர்களை அகர வரிசையில் எழுதி முறை வைக்க வேண்டும். முறை வைத்தும் கெட்டுப்போவது இரண்டு வழிகளில். முறை வந்தவர் விடுப்பில் இருந்தால் பக்கத்தில் இருக்கும் பெண் எழுதிவிடுகிறார். அடுத்த கூட்டம் விடுப்பில் இருந்தவருடையதே என்று முதலிலேயே விதியாக்கிவிட வேண்டும். ஒருவர் அரைகுறையாக எழுதினால் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அவரிடமே திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும்.

மேலே போன பெண் கீழே உள்ள பெண்ணை ஏறவிடுவதில்லை என்ற புகாருக்கு, நெதர்லாந்தின் மூத்த பெண் காவல் அதிகாரிகளிடம் நடந்த 2011 ஆய்வைப் பார்க்கலாம். பாகுபாட்டை நினைவூட்டியபோது, பெண் என்ற அடையாளத்தைப் பணியிடத்தில் பெரிதாகக் கருதாதவர்கள்தான் மற்றப் பெண்களிடமிருந்து விலகி நின்றார்கள். அந்த அடையாளத்தை விடாதவர்களுக்கு உதவும் எண்ணம் கூடியது. பெண்மையை ஒளித்தால்தான் முன்னேறலாம் என்ற பணியிடம், விலகி நிற்பவர்களைத் தானே உருவாக்குகிறது.

வீட்டில் இதைப் பெண்களே நேரடியாக மாற்றலாம். வேலைக்குப் போகும் 622 தாய்மார்களிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 21 சதவீதம் பேர் வீட்டு வேலையில் கணவரின் பங்கைத் தாங்களே தடுப்பவர்களாக இருந்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு வாரம் 5 மணி நேரம் கூடுதல் வேலை. 'நீங்கள் செய்தால் சரியாக வராது' என்று வாங்கிச் செய்ததன் கணக்கு அது. துண்டு துண்டாக உதவி கேட்பதால் இது மாறாது; ஒரு வேலையை முழுதாக ஒப்படைக்க வேண்டும். தடுப்பூசி என்றால் தேதியை நினைவில் வைப்பது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, குழந்தையைக் கூட்டிப்போவது, அன்றிரவு காய்ச்சல் பார்ப்பது, அட்டையைப் பத்திரப்படுத்துவது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. எது குறைந்தபட்சம் நடக்க வேண்டும் என்று இருவரும் முன்பே பேசி முடிவு செய்யட்டும். பிறகு ஆபத்து என்றால் மட்டும் தலையிடலாம். அட்டை எங்கே என்று அவர் கேட்டால், தேடி எடுத்துக் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி